வாப்பாவின் கப்பி மீன்களும் எங்கள் குளோரினும்

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் சொந்தங்களுக்கும், முள்ளியவளை நண்பர்களுக்கும், எங்களிடம் படித்துவிட்டு இப்போது எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கும்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள். வீட்டில் சீமெந்துத் தொட்டி கட்டி, லீவு நாட்களில் பிள்ளைகளை இறக்கிவிடுபவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறோம். பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருவரும் ஆசிரியர்கள், ஒருவர் கணிதம், ஒருவர் விஞ்ஞானம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாதாரண பெருக்கல் கணக்கில் கோட்டை விட்ட கதை இது.

எங்கள் தொட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில், 12 அடி நீளம், 8 அடி அகலம், தண்ணீர் 3 அடி நிற்கும். கட்டியது குளிப்பதற்காக அல்ல. மிளகாய்க்கும் தென்னம்பிள்ளைக்கும் இறைக்கத்தான் கட்டினோம். மோட்டரைப் போட்டு நிரப்பிவிட்டால் மின்சாரம் இல்லாத நாளிலும் வாளியால் அள்ளி ஊற்றலாம் என்று நினைத்தோம். மேசன் வேலை முடித்துப் போன மறுநாளே மகனும் மச்சினியின் பிள்ளைகளும் உள்ளே இறங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் முழுப்பேரும் வந்தார்கள். ஓகஸ்ட் லீவில் ஒரு நாள் எண்ணினோம், பதினான்கு தலைகள். லண்டனில் இருக்கும் மச்சான் வீடியோ கோலில் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், சுவிமிங் பூல் எல்லாம் கட்டிட்டீங்க, எங்களுக்குச் சொல்லவே இல்ல" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பூல்.

தடுக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரே ஊற்று. எங்கள் வாப்பா காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு யாரும் நீந்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊற்றும் குளமும் வாய்க்காலும் சொல்லிக்கொடுத்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு புறப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எங்கள் ஊராரும் அடக்கம். அதற்குப் பிறகு புத்தளத்து முகாம்களில் வளர்ந்த தலைமுறைக்குத் தண்ணீர் என்றால் பவுசரும் கேனும் வரிசையும்தான். கல்பிட்டிப் பக்கம் இருந்தவர்களுக்குக் கிணறு கிடைத்தது. ஆனால் அந்த மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளை நேரே நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அங்கே நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வாளர்கள் எத்தனையோ தடவை எழுதிவிட்டார்கள். நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஓ.எல். எழுதினோம். நீந்தத் தெரியாமலே வளர்ந்து, ஊருக்குத் திரும்பி, முத்தையன்கட்டையும் தண்ணிமுறிப்பையும் கரையில் நின்று பார்க்கிறோம். பாக்கு நீரிணையை 1954இல் நவரத்தினசாமியும் 1971இல் ஆனந்தனும் நீந்திக் கடந்த வடமாகாணம் இது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு இடுப்பளவு தண்ணீருக்கு மேல் பயம். பிள்ளைகளாவது கையைக் காலை அடித்துப் பழகட்டும் என்று விட்டோம். (பெரிய ஆள் ஒருவர் கரையில் இல்லாமல் ஒரு பிள்ளையும் இறங்கக்கூடாது என்பது முதல் நாளிலிருந்தே சட்டம். மூன்றடித் தண்ணீரும் உயிரை எடுக்கும்.)

இனி வாப்பாவின் மீன்கள்.

தொட்டி கட்டின முதல் மாரியிலேயே வாப்பா எங்கிருந்தோ ஒரு போத்தலில் கப்பி மீன் கொண்டுவந்து விட்டார். டெங்கு நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று சுகாதாரப் பகுதியினர் வீடு வீடாகக் கொடுக்கிற அதே மீன்தான். ஆனால் வாப்பாவுக்கு டெங்கு ஒரு சாட்டு. பழைய பள்ளிவாசல் ஹவுளில் மீன் இருந்ததாம். ஸுபஹுக்கு வுழூச் செய்யப் போனால் காலைக் கொத்துமாம். "மீன் உயிரோட இருந்தா தண்ணி நல்ல தண்ணி மகன். வேற சோதினை ஒண்டும் தேவையில்ல" என்பார். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு வந்து தொட்டிக் கட்டில் குந்தி இருந்து பாண் துகள் போடுவார். புத்தளத்தில் இருபது வருசம் ஒரு கேன் தண்ணீரில் வுழூவும் குளிப்பும் செய்த மனிதர், மூன்றடித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பதே அவருக்கு ஒரு இபாதத் மாதிரி.

இந்த வருசம் சோளகம் வீசத் தொடங்கியதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. வேப்பம் சருகு, முருங்கை இலை, ஒழுங்கைத் தூசி, பதினான்கு பிள்ளைகளின் தலையில் இருந்த தேங்காயெண்ணெய், வாப்பாவின் பாண். இவ்வளவையும் போட்டு மேலே வெயிலையும் அடித்தால் பாசி வராமல் என்ன செய்யும்? மாதம் ஒருமுறை இறைத்துக் கழுவுவோம். கிணறு இறங்கின காலத்தில் அதையும் தள்ளிப்போட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் காது குத்து. ஒன்பது வயது. இரண்டு நாளில் காதுக்குள்ளிருந்து சீழ். காதைத் தொட்டாலே அலறுகிறான். மருந்தெடுக்கப் போன இடத்தில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எங்க குளிச்ச பிள்ளை?" அந்தத் தாய் எங்களுக்குப் பக்கத்து வீடு. எங்களிடம் ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. "டொக்டர் இப்பிடிக் கேட்டவர் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கேற்றைத் தாண்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதுதான் எங்களை அவசரப்படுத்தியது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி, நீச்சல் தடாகங்களுக்குப் போடுகிற கல்சியம் ஹைப்போகுளோரைற்றுத் தூள் ஒரு கலனும், தண்ணீரில் குளோரின் பார்க்கிற சிறிய பெட்டி ஒன்றும் எடுப்பித்தோம். அந்தப் பெட்டியில் ஒரு குளிசை இருக்கும். குழாயில் தண்ணீர் எடுத்து அதைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை. அப்படித்தான் நினைத்தோம்.

இஷாவுக்குப் பிறகு, வாப்பா படுத்ததும், ஒரு கோப்பை தூளை வாளியில் கரைத்து ஊற்றினோம். மீனை நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தோம். "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்றும் நினைத்தோம். அரை மணித்தியாலம் கழித்து ரோச் வெளிச்சத்தில் பரிசோதித்தால், குளிசை போட்ட உடனே ஒரு கணம் சிவப்பு மாதிரி ஏதோ ஓடியது, பிறகு தண்ணீர் தெளிவாகிவிட்டது. நிறம் இல்லை. "பாசி எல்லாத்தையும் தின்டுட்டுது போல" என்று சொல்லி இன்னொரு கோப்பை ஊற்றினோம். திரும்பப் பார்த்தோம். அப்போதும் நிறம் இல்லை. நித்திரை வந்துவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று போய்ப் படுத்துவிட்டோம்.

ஸுபஹுக்கு முன் வாப்பாவின் குரல். "மகன், தண்ணிக்குள்ள என்ன போட்டீங்க?"

போய்ப் பார்த்தால் பாசி வெளிறி, தண்ணீர் பால் கலந்த மாதிரி. மேலே மீன்கள். வாப்பா ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கட்டில் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. கையை மணந்து பார்த்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி அள்ளி அதில் வுழூச் செய்துகொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

அன்று சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் வருகிற நாள். மீன்கள் இல்லாத தொட்டியாக இருந்திருந்தால், பரிசோதனைக் குழாயில் நிறம் இல்லை என்று நம்பிக்கொண்டு, அவர்களை நாங்களே இறக்கியிருப்போம்.

அன்று காலைதான் கொப்பியை எடுத்தோம். 12 × 8 × 3 என்றால் 288 கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர். ஏறத்தாழ 8150 லீற்றர். ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 8 கிராம் போதும். நீச்சல் தடாகத்தில் பொதுவாக 1 முதல் 3 மில்லிகிராம் வைத்திருப்பார்கள். எங்கள் தூளில் குளோரின் 65 வீதம். ஆகவே 2 மில்லிகிராமுக்குத் தேவை வெறும் 25 கிராம் தூள். நாங்கள் ஊற்றிய கோப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 200 கிராம். இரண்டு கோப்பை. லீற்றருக்கு 32 மில்லிகிராம்! தேவையானதைப் போல் பதினாறு மடங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. எங்களிடம் படித்த பிள்ளைகள் சிரிக்கலாம், அனுமதி உண்டு.

அப்படியானால் ஏன் நிறம் வரவில்லை? இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். குளோரின் அளவுக்கு மீறிப்போனால், அந்தக் குளிசை தருகிற சிவப்பு நிறத்தையே அது வெளிற்றிவிடும். துணிக்குச் செய்வதை நிறத்துக்கும் செய்கிறது. ஒன்றுமே இல்லாத தண்ணீரும், நச்சளவுக்கு இருக்கிற தண்ணீரும் அந்தக் குழாயில் ஒரே மாதிரித் தெரியும். உடனே வந்து உடனே மறைகிற அந்தச் சிவப்புத்தான் அடையாளம், அதைக் கண்டும் நாங்கள் காணவில்லை. ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்குப் பத்தொன்பது பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து திரும்பப் பார்த்தோம். அழகான சிவப்பு, 1.5 காட்டியது. இருபதால் பெருக்கினால் 30. கணக்கில் வந்தது 32. மிச்சத்தைப் பாசி தின்றிருக்கும்.

மூன்று நாள் தொட்டியை மூடாமல் வெயிலுக்கு விட்டோம். கேற்றைப் பூட்டினோம். பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மூன்று நாளில்தான் உட்கார்ந்து படித்தோம். படித்ததில் எங்கள் ஊருக்குப் பொருந்துவதைச் சொல்கிறோம்.

வெயில் குளோரினைத் தின்னும். மூடாத தொட்டியில், நண்பகல் வெயிலில், ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே காலையில் போட்டு மத்தியானம் குளிக்கவிட்டால், போடாத தண்ணீரில் குளித்த மாதிரித்தான். மஃரிபுக்குப் பிறகு போடவேண்டும். இரவு முழுக்க அது வேலை செய்யும். காலையில் அளந்து பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம். இந்த வெயிலுக்காகவே பெரிய தடாகங்களில் சயனூரிக் அமிலம் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள், அது குளோரினைப் பிடித்து வைத்திருக்கும். அளவு கூடினால் விடவே விடாமல் பிடித்து வைத்திருக்கும், பிறகு குளோரின் இருந்தும் வேலை செய்யாது. எங்களுக்கு அந்தத் தலையிடி வேண்டாம் என்று பச்சை நிழல்வலை கட்டிவிட்டோம். சருகுக்கும் ஆச்சு.

அடுத்தது எங்கள் தண்ணீரின் குணம். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம். நாங்கள் போட்டதும் கல்சியம் கலந்த தூள். தண்ணீர் பால் நிறமானது அதனால்தான். அது மட்டுமல்ல, இந்தத் தூள் தண்ணீரின் பி.எச். பெறுமானத்தையும் கூட்டும். பி.எச். 7.5இல் இருக்கும்போது குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8.5க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதாவது கடையில் காசு கொடுத்து வாங்கிய குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு சும்மா நிற்கும். 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். கண்ணுக்கும் தோலுக்கும் அதுவே இதம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பி.எச். குறைக்க அசிட் விடவேண்டும் என்று கேள்விப்பட்டு, கழிப்பறை கழுவுகிற அசிட்டையும் குளோரின் தூளையும் ஒரே வாளியில் போட்டுவிடாதீர்கள். அல்லாஹ்வுக்காகச் சொல்கிறோம், செய்யாதீர்கள். அந்த வாளியிலிருந்து எழும்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜேர்மன் படை உருளைகளைத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். எதிரில் அகழிக்குள் நின்றவர்களில் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்ட அல்ஜீரியர்களும் இருந்தார்கள். அந்தப் பச்சை மஞ்சள் புகை உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் வரும். தூளை மண்ணெண்ணெய்க்கும் பசளைக்கும் பக்கத்தில் வைக்கவும் கூடாது, தீப்பிடிக்கும். ஈரக் கரண்டியால் அள்ளவும் கூடாது. அமிலம் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் தனி வாளி, தனி நாள், தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றவேண்டுமே தவிர அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஆய்வுகூடத்தில் எத்தனை தடவை சொல்லித் தந்திருக்கிறோம்.

குளோரின் மணம் அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் உண்டாகும், மூக்கைத் துளைக்கிற மணமும் கண் எரிவும் அதுதான். நன்றாகப் பராமரிக்கிற தடாகத்தில் மணம் கொஞ்சமாகத்தான் இருக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிக்கக்கூடாது, அதற்குப் பிறகு அதிலேயே குளிக்கவும் கூடாது என்பது எங்கள் நபியவர்களின் தடை. மத்ரஸாவில் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தொட்டிக்குள் இறங்கினதும் மறந்துவிடும்! இப்போது இறங்குவதற்கு முன் கழிப்பறைக்குப் போகவேண்டும், சவர்க்காரம் போட்டு இரண்டு வாளி ஊற்றித் தலை எண்ணெயைக் கழுவவேண்டும். வயிற்றோட்டம் இருந்த பிள்ளைக்கு இரண்டு கிழமை தடை. குளோரினுக்கும் சாகாத கிருமி உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு வயிற்றோட்டம் வந்தது அப்படியொரு ஒட்டுண்ணியால், அதுவும் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில்.

மூக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு எழுதியும் பயனில்லை.

சூடான நன்னீரில் வாழ்கிற ஒரு அமீபா இருக்கிறது. நெக்லேரியா ஃபௌலேரி. அந்தத் தண்ணீரைக் குடித்தால் அதனால் ஒன்றும் இல்லை. மூக்குக்குள் ஆழமாகப் போனால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். ஏறினவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. இது மிக அரிதான நோய், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து நேரம் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துகிற சமூகம். கராச்சியில் 2008க்குப் பிறகு இந்த நோயால் இறந்தவர்களில் அநேகர் குளத்திலோ தடாகத்திலோ நீந்தாதவர்கள். குளோரின் போதாத குழாய்த் தண்ணீர் மூக்குக்குள் போனதையே மருத்துவர்கள் காரணமாகக் கண்டார்கள். 2012இல் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஒரு முஸ்லிம் சகோதரர் இறந்தார். அவர் வீட்டில் பாவித்தது சுத்திகரிக்காத கிணற்று நீரும் சேகரித்த மழைநீரும். வுழூவில் மூக்குச் சுத்தம் செய்ததன் மூலம் வந்தது என்று பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் இந்த அமீபாக் காய்ச்சல் பரவலாகப் பேசப்பட்டு, கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போடும் வேலையை அரசாங்கம் செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

வெயிலில் கொதித்த தொட்டித் தண்ணீரும், நாட்கணக்கில் மாற்றாத ஹவுளும், கழுவாத பிளாஸ்ரிக் தாங்கியும் ஒன்றுதான். நோன்பு காலத்தில் மூக்குக்குத் தண்ணீரை ஆழமாக இழுக்காதீர்கள் என்று ஹஸ்ரத்மார் சொல்கிறார்களே, அந்தப் பேணுதலை இப்படியான தண்ணீரில் எல்லா மாதமும் வைத்துக்கொள்ளலாம். குளோரின் அளந்து போட்ட தண்ணீர் இருந்தால் அது. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை.

இதைப் பேசும்போது ஒருவர் கேட்டார்: "இரண்டு குல்லத்துக்குக் கூடின தண்ணி நிறம் மணம் ருசி மாறாட்டி சுத்தம்தானே, பிறகென்ன?" நியாயமான கேள்வி. ஷாஃபி மத்ஹபில் படித்த எல்லோருக்கும் வரும் கேள்வி. மௌலவி ஒருவரிடமே கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார், அந்தச் சட்டம் இந்தத் தண்ணீரில் வுழூக் கூடுமா என்பதற்கான பதில், இந்தத் தண்ணீரால் காய்ச்சல் வருமா என்பதற்கு டொக்டரிடம் கேளுங்கள் என்று. குளோரின் போட்டால் வுழூக் கூடுமா என்று அடுத்த கேள்வி வந்தது. கொழும்பில் பள்ளிவாசல் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று திருப்பிக் கேட்டார், அத்தோடு முடிந்தது.

எலிக்காய்ச்சலையும் மறக்கவேண்டாம். 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போனது நினைவிருக்கும். மாரியில் வெள்ளம் தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ ஏறினால், முழுக்க இறைத்து, கழுவி, பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டுக் குளோரின் போட்ட பிறகுதான் பாவனை. குடிக்கிற கிணற்றுக்கு எங்கள் தொட்டிக் கணக்கைப் பாவிக்காதீர்கள், அதற்கு அளவு வேறு.

இப்போது எங்கள் தொட்டி எப்படி ஓடுகிறது? ஒரு நீலப் பரலுக்குள் அடியில் சல்லி, மேலே கழுவிய மணல், அரைக் குதிரைவலு மோட்டர். காலையில் நான்கு மணித்தியாலம் ஓடினால் முழுத் தண்ணீரும் ஒருமுறை மணலுக்குள்ளால் வந்துவிடும். கிழமைக்கு ஒருநாள் மணலைக் கழுவுகிறோம். சுவரைத் தும்புத்தடியால் தேய்க்கிறோம், பாசி முதலில் பிடிப்பது சுவரில்தான். மின்சாரப் பட்டியல் கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் 8000 லீற்றரை இறைத்து ஊற்றினால் கோடையில் எங்கள் கிணறு மட்டுமா இறங்கும், பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து இறங்கும். நாங்கள் குளிப்பதற்காக இன்னொரு வீட்டில் வாளி தரையில் முட்டக்கூடாது. மாற்றவேண்டி வந்தால் இரண்டு நாள் குளோரின் போடாமல் விட்டு, குளிசை போட்டு நிறம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு (இந்த முறை கலந்தும் பார்த்து!) தென்னைகளுக்கு விடுகிறோம். தூளைக் கோப்பையால் அளப்பதில்லை. தங்கம் நிறுப்பது மாதிரி நிறுக்கிறோம். கேற்றில் ஒரு கொப்பி தொங்குகிறது, திகதி, பி.எச்., குளோரின் மூன்றும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் முறைபோட்டு எழுதுகிறார்கள். கொப்பியில் குளோரின் 1க்குக் கீழோ 3க்கு மேலோ இருந்தால் அன்று குளிப்பு இல்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் இல்லை.

காது குத்தின பிள்ளையின் வீட்டுக்கு நாங்களே போனோம். நடந்ததைச் சொன்னோம், மீன் செத்தது, கணக்குப் பிழைத்தது எல்லாம். அந்தத் தாய் கேட்டுவிட்டு, "அப்ப அண்டைக்கு அந்த மீன் இல்லாட்டி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த சனி அவன் வந்தான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கரையில் மட்டும் இருந்தான். அதற்கு அடுத்த சனி இறங்கினான்.

வாப்பா ஒரு மாதம் தொட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு நாங்கள் கிணற்றடியில், மோட்டர்க் கொட்டிலுக்குப் பின்னால், மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு சின்னத் தொட்டி கட்டினோம். குளோரின் குழாய் ஒன்றும் அதற்குப் போகாது. கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கத்தால் சொட்டி மறுபக்கத்தால் வாழை மரத்துக்கு வழியும். மீன் வாங்கிவரட்டுமா என்று கேட்டதற்கு, "நான் பாத்துக்கொள்றேன்" என்றார். ஒரு கிழமையில் பதினொரு கப்பி. யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு அங்கேதான் இருக்கிறார். சில நாள் பெரிய தொட்டியில் ஒரு கோப்பை அள்ளி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, அதில் ஒரு மீனை விட்டுப் பார்க்கிறார். எங்கள் பெட்டியை அவர் இன்னும் நம்பவில்லை.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்போம். தொட்டி, தாங்கி, ஹவுள் எதுவானாலும், கழுவின போத்தலில் அரை லீற்றர் தண்ணீர் கொண்டுவாருங்கள். குளோரினும் பி.எச்.உம் பார்த்துத் தருகிறோம், காசு வேண்டாம். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கை இந்த முறை இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து, விடை ஒன்றாக வந்தால்தான் சொல்வோம்.